போடி மலைக்குள் 'பிக் பேங்' நடத்தப் போகிறார்களா? பிரபஞ்சம் உப்பிய கதையும் இடுக்கி எல்லையில் நின்றுபோன ஆய்வகமும்

மூணாறு பக்கம் இருந்து தேனிக்கு பஸ்ஸில் இறங்கியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஏலத்தோட்டங்களுக்கு நடுவே வண்டி ஏறும், இறங்கும், வளையும். ஆனால் போடிமெட்டு செக்போஸ்ட் வரும்வரை மொத்த உயரம் பெரிதாகக் குறையாது. அதற்கப்புறம்தான் சமாச்சாரமே. 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் ஒரு கிலோமீட்டர் உயரத்தை வண்டி கொஞ்ச நேரத்தில் இழக்கும். கீழே முந்தலைத் தொடும்போது பிரேக் சூடாகி ஒரு வாடை அடிக்கும்.

இந்தச் சாலையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரபஞ்சம் பிறந்த முதல் நொடிக்குள் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

இதே மலைத்தொடரில், போடிமெட்டில் இருந்து அதிக தூரம் இல்லாத பொட்டிப்புரத்தில்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வகம் (ஐ.என்.ஓ.) வரவிருந்தது. கேரள எல்லை அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர். "மலைக்குள்ள பிக் பேங் வெடிக்கப் போறாங்களாமே?" என்ற கேள்வி பல வருஷமாக அந்தப் பகுதியில் சுற்றுகிறது. பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும்: இல்லை. ஆனால் ஏன் இல்லை, அப்படியென்றால் அந்த மலைக்கும் பிரபஞ்சத்தின் பிறப்புக்கும் சம்பந்தமே கிடையாதா என்று கேட்டால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை.

இரண்டு டீக்கடைப் பிரச்னை

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அது பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளி இன்றும் எல்லாத் திசையில் இருந்தும் நம்மீது விழுந்துகொண்டே இருக்கிறது. பழைய ஆன்டெனா டி.வி.யில் சேனல் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அதில் ஒரு சின்னப் பங்கு இந்த ஒளியுடையது. இதன் பெயர் அண்ட நுண்ணலைப் பின்னணி. இன்று அதன் வெப்பநிலை பூஜ்ய கெல்வினுக்கு மேல் 2.7 டிகிரி.

சிக்கல் என்னன்னா, வானத்தின் எந்த மூலையைப் பார்த்தாலும் அதே 2.7 டிகிரி. வித்தியாசம் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

பாலக்காடு எல்லையில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை, தேனி எல்லையில் தேவாரத்தில் ஒரு டீக்கடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாஸ்டர்களும் சந்தித்ததே இல்லை, போனில்கூடப் பேசியதில்லை. ஆனால் இரண்டு கடை டீயின் சூடும் ஐந்தாவது தசம இடம் வரை ஒரே மாதிரி இருக்கிறது. தற்செயல் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? வானத்தின் நிலைமையும் அதுதான். சாதாரண பிக் பேங் கணக்குப்படி, அந்த ஒளி கிளம்பிய நேரத்தில் வானத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் விலகியிருந்த இடங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள நேரமே இருந்திருக்காது. இரண்டு டிகிரி என்பது பௌர்ணமி நிலவை நாலு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். ஆனால் முழு வானமும் பேசி வைத்தது போல் ஒரே சூட்டில் இருக்கிறது.

இன்னொரு புதிரும் உண்டு. பிரபஞ்சத்தின் வெளி, நாம் அளக்க முடிகிற அளவுக்கு, தட்டையாக இருக்கிறது. பெரிய முக்கோணம் போட்டால் கோணங்களின் கூட்டுத்தொகை பள்ளியில் படித்தது போலவே 180 டிகிரி வரும். தொடக்கத்தில் மிகச் சின்ன வளைவு இருந்திருந்தாலும் இத்தனை காலத்தில் அது பூதாகரமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

1979 டிசம்பரில், அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆலன் கூத் என்ற இளம் இயற்பியலாளர் இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட கணக்கில் ஒரு வழி கிடைத்தது. அப்போது அவருக்கு 32 வயது, நிரந்தர வேலை இல்லை. 1981-ல் கட்டுரை வெளியானது. பிரபஞ்சம் பிறந்த உடனேயே மிகக் குறைந்த நேரத்துக்குள் வெளியே கண்மண் தெரியாமல் விரிந்தது என்றார். இதற்கு அவர் வைத்த பெயர் இன்ஃபிளேஷன். அமெரிக்காவில் விலைவாசி எகிறிக்கொண்டிருந்த காலம் அது. தமிழில் அண்டப் பெருவீக்கம் என்று சொல்லலாம். பணவீக்கத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை.

மாஸ்கோவில் அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி 1980-லேயே வேறொரு பாதையில் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்திருந்தார். பனிப்போர்க் காலத்தில் அங்கே எழுதுவது இங்கே வந்து சேர நேரமானது.

அம்பலப்புழை பாயசக் கணக்கு

எவ்வளவு விரிந்தது? கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசத்துக்கு ஒரு கதை உண்டு. சதுரங்கத்தில் தோற்ற ராஜாவிடம் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நாலு என்று கேட்பார் கிருஷ்ணன். 64-வது கட்டத்துக்குப் போவதற்குள் ராஜ்யத்தில் அரிசி தீர்ந்துவிடும். உண்மையில் உலகமே இன்றைய வேகத்தில் விளைவித்தாலும் அந்தக் கடனை அடைக்கப் பல நூறு வருஷம் ஆகும்.

அந்தப் பலகையில் இரட்டிப்பு நடப்பது 63 முறை. இன்ஃபிளேஷனுக்குத் தேவைப்படுவது குறைந்தது 86, 87 இரட்டிப்புகள். அதாவது நீளம் 1-க்குப் பின்னால் 26 சைபர் போட்ட மடங்கு பெருகும். டி.என்.ஏ. இழையின் பாதி அகலம் ஒரு நானோமீட்டர். அதை இந்த மடங்கு பெருக்கினால் 10 ஒளியாண்டு வரும். இரவில் பளிச்சென்று தெரியும் சிரியஸ் நட்சத்திரத்தைவிடத் தூரம்.

இதற்கு ஆன நேரம்? ஒரு நொடியை ஒரு கோடியால் வகுங்கள். வந்ததை மறுபடி கோடியால் வகுங்கள். இப்படி ஐந்து தடவை. கடைசியாகப் பத்தால் ஒரு தடவை. அந்தத் துணுக்கை ஒட்டித்தான் ஆட்டம் தொடங்கியது என்பது வழக்கமான கணக்கு. ஒளியைவிட வேகமாகவா என்று கேட்டால், வெளிக்குள் எந்தப் பொருளும் ஒளியை முந்தக் கூடாது என்பதுதான் ஐன்ஸ்டீன் விதி. வெளியே விரிவதற்கு அந்த வரம்பு கிடையாது.

இப்போது டீக்கடைக்கு வருவோம். இரண்டு மாஸ்டர்களும் ஒரே அடுப்பில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அதற்கப்புறம்தான் ஊர்கள் திடீரென்று விலகிப் போயின. சூடு ஒன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தட்டைப் புதிரும் தீர்கிறது. சித்தூர் வயல் வரப்பில் நின்றால் பூமி உருண்டை என்று யாருக்குத் தெரியும்? பெரிதாக ஊதிய பந்தின் ஒரு துளியைப் பார்த்தால் தட்டையாகத்தான் தெரியும்.

சரி, விரிவு ஏன் நின்றது? இங்கேதான் போடிமெட்டுச் சாலை. இன்ஃபிளேட்டான் என்று ஒரு புலம் இருந்ததாக இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். அதன் ஆற்றல் மலை உச்சி போல ஏறக்குறைய சமமாக இருக்கும்வரை பிரபஞ்சம் உப்பிக்கொண்டே இருக்கும். விளிம்புக்கு வந்ததும் ஆற்றல் சரசரவென்று இறங்கும். இறங்கிய ஆற்றல் எங்கே போகும்? பஸ்ஸின் பிரேக் மாதிரி சூடாக மாறும். அந்தச் சூட்டில் இருந்துதான் துகள்களும் ஒளியும், பிற்பாடு நீங்களும் நானும். கூத்தின் முதல் கணக்கில் இந்த இறக்கம் சரியாக வரவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார். 1982-ல் ஆந்த்ரே லிண்டேவும், தனியாக ஆல்பிரெக்ட், ஸ்டைன்ஹார்ட் இருவரும் அதைச் சரிசெய்தார்கள்.

நிரூபணமாகிவிட்டதா?

இல்லை. ஆனால் சும்மா ஊகம் என்று ஒதுக்கவும் முடியாது. உப்பும்போது எழுந்த மிக நுண்ணிய குவாண்டம் நடுக்கங்களை இந்த விரிவு இழுத்துப் பெரிதாக்கும், அவையே பிற்பாடு கேலக்ஸிகளுக்கு விதையாகும் என்று 1980-களின் தொடக்கத்திலேயே கணித்தார்கள். அந்த நடுக்கத்தின் தடம் நுண்ணலைப் பின்னணியில் 1992-ல்தான் கோபி செயற்கைக்கோளுக்குக் கிடைத்தது. பெரிய அளவுகளில் நடுக்கம் சற்றே தூக்கலாக இருக்கும் என்பதும் கணிப்பு. அதை அளக்கும் எண் சரியாக 1 ஆக இருக்கக் கூடாது, கொஞ்சம் குறைய வேண்டும். பிளாங்க் செயற்கைக்கோள் சொன்னது 0.965.

2025 மார்ச்சில் சிலியின் அட்டகாமா தொலைநோக்கிக் குழு புதிய தரவுகளை வெளியிட்டது. பிற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால் அந்த எண் 0.974 பக்கம் நகர்கிறது. வித்தியாசம் கொசுறுதான். ஆனால் இதுவரை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்டாரோபின்ஸ்கி மாதிரிக்கு இது கொஞ்சம் நெருக்கடி. 2023 டிசம்பரில் காலமான அவர் இதைப் பார்க்கவில்லை.

நேரடிச் சாட்சி என்றால், அந்த உப்பலில் கிளம்பிய ஈர்ப்பு அலைகள் நுண்ணலைப் பின்னணியில் விட்டிருக்க வேண்டிய சுழல் தடம். 2014 மார்ச் 17 அன்று தென்துருவத்தில் இயங்கிய பைசெப்-2 குழு அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. லிண்டேவின் வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்ல, ஷாம்பெயின் திறக்கப்பட்ட வீடியோ உலகம் முழுக்க ஓடியது. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2015 ஜனவரியில் பிளாங்க் குழுவோடு சேர்ந்து சரிபார்த்தபோது, தெரிந்ததில் பெரும்பங்கு நம் பால்வீதியின் தூசி என்று ஆனது. 2021-ல் அதே குழுக்கள் வரம்பை இன்னும் இறுக்கின. அலைகள் இருந்தால் அன்று அறிவித்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருக்க முடியும்.

கோட்பாட்டைக் கட்டியவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்டே இன்று அதன் கடுமையான விமர்சகர். எந்த விடை வந்தாலும் பொருத்திக்கொள்ளும் கோட்பாடு அறிவியலா என்பது அவர் கேள்வி. 2017-ல் அவரும் இருவரும் எழுதிய கட்டுரைக்கு கூத், லிண்டே, ஹாக்கிங் உள்ளிட்ட 33 பேர் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். கிட்டத்தட்ட பஞ்சாயத்து. என்னைக் கேட்டால், ஸ்டைன்ஹார்ட் கேள்வி நியாயமானது. ஆனால் அவர் முன்வைக்கும் மாற்றுக் கோட்பாடுகள் இன்னும் இந்த அளவுக்கு அளவீடுகளில் தேறவில்லை.

இதில் நியூட்ரினோ எங்கே வந்தது?

இன்ஃபிளேஷனுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அதற்கு முன்னால் இருந்த எதையும் அது நீர்த்துப்போகச் செய்துவிடும். ஒரு சொட்டு மையை வைகை அணையில் கலந்த மாதிரி. எனவே இன்றைய பிரபஞ்சத்தில் இருக்கும் பொருள் எல்லாம் உப்பல் முடிந்த சூட்டில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாகப் பிறக்கும். ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கடைசியில் வெறும் ஒளிதான் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் நாம் இருக்கிறோமே?

ஏதோ ஒன்று தராசைப் பொருள் பக்கம் லேசாகச் சாய்த்திருக்கிறது. அது என்ன என்பதற்கு முக்கியமான சந்தேக நபர் நியூட்ரினோ. 1986-ல் ஃபுகுகிதா, யானகிதா என்ற இரு ஜப்பானியர்கள் வைத்த யோசனை இது: தொடக்கத்தில் மிகக் கனமான நியூட்ரினோக்கள் இருந்தன, அவை சிதைந்தபோது பொருள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. அந்தக் கனமான உறவினர்களை இன்று எந்த ஆய்வகத்தாலும் உருவாக்க முடியாது. இன்றிருக்கும் லேசான நியூட்ரினோக்களின் குணத்தை அளந்து, அதில் இருந்து பின்னோக்கி ஊகிக்கத்தான் முடியும்.

நியூட்ரினோ அபூர்வப் பொருள் எல்லாம் இல்லை. சூரியனில் இருந்து மட்டும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு சுமார் 6,500 கோடி போகின்றன. பகலில் மேலிருந்து, இரவில் பூமியைத் துளைத்துக் கீழிருந்து. பிக் பேங் நடந்து ஒரு நொடியில் விடுபட்டவை இப்போதும் உங்கள் அறையில் கன சென்டிமீட்டருக்கு 330-க்கு மேல் இருக்கின்றன என்பது கணக்கு. எதையும் செய்வதில்லை என்பதுதான் இவற்றின் பிரச்னை. பிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

இவற்றுக்கு மூன்று எடைகள் உண்டு. எது கனம், எது லேசு என்ற வரிசை இன்னும் உறுதியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் போடி மலை. 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, காந்தமாக்கி, நடுவில் உணர்கருவிகளைச் செருகி வைக்கும் திட்டம். மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சார்னோகைட் பாறை இருந்தால் மற்ற காஸ்மிக் துகள்களின் இரைச்சல் வடிகட்டப்படும். மலையை நாடியதற்குக் காரணம் அவ்வளவுதான். அங்கே எதையும் மோதவிடப் போவதில்லை, வெடிக்கவைக்கப் போவதில்லை. வளிமண்டலத்தில் தானாக உருவாகும் நியூட்ரினோ எப்போதாவது இரும்பில் முட்டும். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் அப்படிக் குறித்தால் வரிசை தெரியும் என்று கணக்கிட்டார்கள். ஊர்க்கோடியில் மழைமானி வைத்த மாதிரிதான். மழையை அது உண்டாக்குவதில்லை.

அப்புறம் ஏன் நின்றது?

கதிர்வீச்சு பயத்தால் நின்றது என்று வெளியூர் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆவணங்களைப் பார்த்தால் அப்படி இல்லை.

முதலில் தேர்வான இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலையை ஒட்டிய யானை வழித்தடம் என்பதால் 2009-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அடுத்து போடி மேற்கு மலை. 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி, 2015 ஜனவரியில் சுமார் ரூ.1,500 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். அதே ஆண்டு வைகோ தொடர்ந்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2017-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பது ஒரு காரணம். இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் இதை இன்னும் கடுமையான பிரிவில் பரிசீலித்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2018-ல் சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி கிடைத்தது. தீர்ப்பாயமும் அதை ஏற்றது, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மதிகெட்டான் - பெரியாறு புலி வழித்தடத்தைக் காரணம் காட்டி அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதன் பிறகு மலையில் வேலை நகரவில்லை.

கேரளப் பக்கமும் சும்மா இல்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் 2012-லேயே எதிர்ப்புக் குரல் கொடுத்தார். முல்லைப் பெரியாறும் இடுக்கி அணையும் இருக்கிற பூமியில் சுரங்கத்துக்கு வெடி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பதை மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது. பதில் இருக்கலாம், ஆனால் கேள்வி நியாயமானது. சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், லட்சக்கணக்கான டன் பாறை, தூசி, லாரி, தண்ணீர். கொட்டக்குடி ஆற்றையும் வைகையையும் நம்பியிருக்கும் விவசாயிக்கு இவைதான் கண்ணில் படும், நியூட்ரினோ அல்ல.

இந்த விவாதத்தில் இரண்டு தரப்புமே ஒரு தவறு செய்ததாகத் தோன்றுகிறது. எதிர்த்தவர்களில் சிலர், புலி வழித்தடம் என்ற வலுவான வாதம் கையில் இருக்கும்போது, அணுக்கழிவு, கதிர்வீச்சு என்று ஆதாரமில்லாததைக் கலந்தார்கள். ஆதரித்தவர்களோ அந்த ஆதாரமில்லாத பயத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் வெளிநாட்டு ஆய்வகங்களில் இருந்து வரும் நியூட்ரினோ கற்றையையும் பிடிக்கலாம் என்று ஆரம்பகால அறிக்கைகளில் பேசப்பட்டது. அதை ஊர்க்காரர்களிடம் எளிய தமிழில் முதல் நாளே சொல்லியிருந்தால், "மறைக்கிறாங்க" என்ற சந்தேகம் இவ்வளவு வளர்ந்திருக்காது.

பந்தயம் யாருக்காகவும் நிற்கவில்லை

1965-ல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் குழுக்களும் சேர்ந்து செய்த சோதனை அது. இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த ஆழத்தைத் தங்கத்துக்காகத் தோண்டியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு பக்கம் இருந்து போன தமிழர்கள். சுரங்கம் மூடப்பட்டதும் இந்தியாவுக்கு அந்த இடம் போனது. போடி அதற்கு மாற்றாகத்தான் யோசிக்கப்பட்டது.

இதற்கிடையே சீனாவின் ஜியாங்மென் அருகே நிலத்தடியில் ஜூனோ என்ற ஆய்வகம் 2025 ஆகஸ்ட்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. அதன் முதன்மை இலக்கும் இதே எடை வரிசைதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அடுத்த தலைமுறைக் கருவிகள் கட்டப்படுகின்றன. வானத்தில் இருந்தும் நெருக்கடி வருகிறது: கேலக்ஸிகளின் வரைபடம் போடும் டெசி ஆய்வின் 2025 முடிவுகள், நுண்ணலைப் பின்னணியோடு சேர்த்துப் பார்த்தால், மூன்று நியூட்ரினோக்களின் மொத்த எடைக்கு மிக இறுக்கமான உச்சவரம்பு வைக்கின்றன. வழக்கமான அண்டவியல் மாதிரி சரியென்றால், இரண்டு சாத்திய வரிசைகளில் ஒன்றுக்கு அதில் இடமே கிடைப்பது கஷ்டம். ஆக, போடி மலை கேட்க நினைத்த கேள்விக்கு வேறு எங்கிருந்தோ விடை வந்துவிடலாம். நாளையே அனுமதி கிடைத்தாலும், 50,000 டன் இரும்பை எந்தக் கேள்விக்காக அடுக்குகிறோம் என்பதை மறுபடி யோசித்தாக வேண்டும்.

இன்ஃபிளேஷன் பக்கம் பார்த்தால், சென்னை ஐ.ஐ.டி.யிலும் புனே அயூகாவிலும் கோட்பாட்டு வேலை நடக்கிறது. அதற்கு மலை வேண்டாம். அந்தச் சுழல் தடத்தைத் தேடும் செயற்கைக்கோள் ஒன்றை இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து இஸ்ரோவிடம் முன்மொழிந்திருக்கிறார்கள். சி.எம்.பி.-பாரத் என்று பெயர். அதற்கும் மலை வேண்டாம், புலி வழித்தடமும் இல்லை. பணமும் பல வருஷப் பொறுமையும்தான் வேண்டும்.

போடிக்காகத் தயாரான கருவியின் ஒரு சின்ன மாதிரி மட்டும் மதுரையில் இருக்கிறது. மினி-ஐகால். 85 டன் இரும்பு, மலைக்குள் இல்லை, சாதாரணக் கட்டடத்துக்குள். மேலே பாறை இல்லாததால் அதில் நியூட்ரினோவைத் தேட முடியாது. வானில் இருந்து விழும் மியூவான்களைத்தான் அது 2018-ல் இருந்து எண்ணிக்கொண்டிருக்கிறது.